இருக்கும்போதே ஒரு படம்

(உலக ஒளிப்பட நாளையொட்டி நடந்த ஸ்டூடியோ உரிமையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆகஸ்ட் 19-ஐ நாம் ஏன் கொண்டாடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். 1839-இல் அந்த நாளில்தான் டாகுரேயின் ஒளிப்படச் செய்முறை பாரிஸில் எல்லோரும் அறியும்படி வெளியிடப்பட்டது. அதைப் பற்றி எனக்குப் பின்னால் பேசுகிறவர்கள் விரிவாகச் சொல்வார்கள். என்னை விற்பனை பற்றிப் பேசச் சொன்னார்கள். கல்யாண ஆர்டர் பிடிப்பதைப் பற்றியோ ஆல்பம் பற்றியோ நான் பேசப்போவதில்லை. ஒரு மனிதரின் உருவத்தை எடுத்து, பேப்பரில் போட்டு, ஃபிரேம் செய்து, அவரையும் அவர் வீட்டாரையும் எதிரே உட்கார வைத்துக் காட்டி, விலை சொல்லி விற்கிற அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

விடியற்காலையில் வருகிற அந்த போன் இங்கே இருக்கிற எல்லோருக்கும் பழக்கம். “அண்ணே, பாட்டி தவறிட்டாங்க. ஒரு படம் வேணும்.” கடையைத் திறந்து வைக்கிறோம். வருகிறவர் கையில் ஒரு செல்போன் இருக்கும். பேரன் கல்யாணத்தில் எடுத்த குரூப் படத்தைக் காட்டுவார். பாட்டி மூன்றாவது வரிசையில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் நிற்பார். முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அது தேறாது என்றால் ஆதார் அட்டையை நீட்டுவார்கள். நாம் அந்த முகத்தை வெட்டி எடுத்து, கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கிற பட்டுப்புடவை உடம்பில் பொருத்தி, பின்னால் நீலம் அடித்து, பிரின்ட் எடுத்து, ஃபிரேம் மாட்டி, உடலை எடுப்பதற்குள் கொடுத்தனுப்புகிறோம். படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போடுகிறார்கள். அடுத்த நாற்பது, ஐம்பது வருஷம் அந்த வீட்டில் பாட்டி என்றால் ஒட்டுப்போட்ட அந்த முகம்தான். கொள்ளுப்பேரன் அந்தக் கழுத்தைத்தான் தன் குலத்தின் கழுத்தென்று நினைத்து வளர்வான்.

அந்தப் பேரன் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது நம்மில் ஒருவர்தான். மண்டபத்துக்கு வெளியே, பந்தலில் சாய்ந்து வருகிற காலை வெயிலில், பாட்டி வெற்றிலை மடிக்கிறபோது அவர் எடுத்த படம் எங்கே என்றால், பென்டிரைவில் இருக்கிறது. பென்டிரைவ் பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அந்த வீட்டில் ஒருவரும் அதைத் திறந்து ஒரு பிரின்ட் போட்டதில்லை. நாமும் போட்டுக் கொடுக்கவில்லை, போடச் சொல்லி நினைவூட்டவும் இல்லை. இது எனக்குப் பல காலமாக மனசில் உறுத்துகிற விஷயம். படம் எடுப்பதோடு வேலை முடிந்தது என்று எப்போது நினைக்க ஆரம்பித்தோமோ, அப்போதிருந்து நம் தொழிலில் பாதி செத்துவிட்டது. காசு போனது அதில் ஒரு பங்குதான். தமிழ்க் குடும்பங்களின் சுவரிலிருந்து உயிரோடிருப்பவர்களின் படம் காணாமல் போனதுதான் பெரிய நஷ்டம்.

ஃபிலிம் காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. விற்க நம்மிடம் இருந்தது பிரின்ட் மட்டும்தான். நெகட்டிவ் நம்மிடம் இருக்கும், நம்பர் போட்ட ரிஜிஸ்டரும் நம்மிடம் இருக்கும். வாடிக்கையாளர் ரசீதோடு வருவார், கவரைப் பிரிப்போம், படத்தைக் கையில் கொடுப்போம், அவர் அங்கேயே நின்று பார்ப்பார். “இன்னும் ரெண்டு காப்பி போடுங்க, ஊருக்கு அனுப்பணும்” என்பார். நேரில் விற்பது என்று தனியாக ஒரு வித்தை தேவைப்படவில்லை, கவுன்டரிலேயே அது நடந்தது. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் தந்தது. அந்தப் பேப்பர் டப்பாவின் வாசனையோடு வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். எல்லாம் பேப்பரில் போய்த்தான் முடிந்தது.

டிஜிட்டல் வந்தது. நெகட்டிவ் போனது, ரிஜிஸ்டர் போனது. கோடாக் கம்பெனியே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. நாம் பயந்துபோய் அவசரத்தில் ஒன்று செய்தோம். “எல்லா ஃபைலையும் கொடுத்துடறேன்” என்று சொல்லி ஆர்டர் பிடித்தோம். ஒருவர் சொன்னார், பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், பிறகு அதுவே ஊர் வழக்கமாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஆல்பம் மட்டும் தப்பித்தது. வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் எல்லாவற்றிலும் உருவப்படம் ஃபைலாகி, ஃபைல் வாட்ஸ்அப்பாகி, வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, சுருங்கிய படம் பழைய போனோடு தொலைந்தது.

இப்போது கொஞ்சம் வெளியே பார்ப்போம். பாரிஸில் 1854-இல் திஸ்தேரி என்ற ஸ்டூடியோக்காரர் ஒரே கண்ணாடித் தகட்டில் பல படம் எடுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஏறக்குறைய இரண்டரைக்கு நான்கு அங்குல அட்டையில் ஒட்டின சின்னச் சின்னப் படங்கள். ‘கார்ட் தெ விசித்’ என்று பெயர். சில வருஷங்களில் ஐரோப்பா முழுக்க அந்த அட்டைப் பித்துப் பிடித்தது. உருவப்படம் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டியது. அதைச் சொருகி வைக்கத் தனி ஆல்பங்களே தயாராயின. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. திஸ்தேரியின் கெட்டிக்காரத்தனம் கேமராவோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், ஊருக்கு அனுப்பலாம், ஆல்பத்தில் வைக்கலாம் என்று, படம் என்ன வடிவில் வாடிக்கையாளர் வீட்டுக்குள் நுழையும் என்பதையும் சேர்த்து அவர் யோசித்திருந்தார்.

நம் நாட்டில் லாலா தீன் தயாள் 1892-இல் ஹைதராபாத்தில் கோஷா முறையில் இருந்த பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ வைத்தார். அதை நடத்தியது ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. படம் எடுத்துக்கொள்ள வேண்டியவர் கூச்சமில்லாமல் வந்து உட்கார இடம் இருக்க வேண்டும் என்பதை அவ்வளவு காலத்துக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார். இன்று நம் கடைகளில் எத்தனையில் ஒரு வயதான அம்மா வந்து கால் நீட்டி உட்கார்ந்து தன் படத்தை நிதானமாகப் பார்க்க ஒரு நாற்காலி இருக்கிறது? கவுன்டருக்கு முன்னால் ஜெராக்ஸ் எடுக்க நிற்கிறவர்கள் இடிபடுவார்கள். அங்கே நின்றபடி யாரும் உருவப்படம் வாங்க மாட்டார்கள். பாஸ்போர்ட் சைஸ் வாங்குவார்கள், போவார்கள்.

மாலி நாட்டின் பமாகோ நகரில் சேது கெய்தா 1948-இல் ஸ்டூடியோ தொடங்கினார். தான் எடுத்த படங்களின் பிரின்ட்டுகளை மாதிரியாகச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். வந்தவர்கள் அதைப் பார்த்து, “எனக்கு இது மாதிரி” என்று விரலால் காட்டுவார்கள். பிரின்ட்டில் தன் பெயர் முத்திரையும் குத்திக் கொடுப்பார். அந்தப் படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அவை எடுக்கப்பட்டது தையல்காரருக்கும் வியாபாரிக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் விற்பதற்காக.

இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். கன்னியாகுமரிக் கடற்கரையிலும் ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் மெரினாவிலும் தோளில் கேமரா, கையில் ஒரு மாதிரி ஆல்பத்தோடு நிற்கிற நம் சகோதரர்களைப் பாருங்கள். எல்லோர் கையிலும் நல்ல கேமரா போன் இருக்கிற காலத்தில் அவர்கள் இன்னும் படம் விற்கிறார்கள். முன்பு முகவரி வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்பினார்கள், இப்போது சின்ன பிரின்டரில் சில நிமிஷத்தில் கையில் கொடுக்கிறார்கள். முதலில் ஆல்பத்தைத் திறந்து காட்டுகிறார்கள். பிறகு குடும்பத்தை நிறுத்தி, குழந்தையை முன்னால் இழுத்து, பாறைக்கும் சூரியனுக்கும் நடுவில் சரியாக வைக்கிறார்கள். பிரின்ட் வந்ததும் அப்பாவிடம் கொடுக்காமல் குழந்தையிடமோ அம்மாவிடமோ கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கிறவர் யாருமில்லை. நிரந்தரக் கடை வைத்திருக்கிற நாம் அவர்களைச் சிறு தொழில்காரர்கள் என்று பார்க்கிறோம். நேரில் விற்பதில் இந்த மாநிலத்தில் அவர்களைவிடத் தேர்ந்தவர்கள் இல்லை என்பது என் கருத்து.

இனி நம் கடைக்கு வருவோம். விற்பனை, படம் எடுத்த பிறகு தொடங்குவதில்லை. முதல் பேச்சிலேயே தொடங்குகிறது. அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பா அம்மாவைப் படமெடுக்க வேண்டும் என்று மகன் வந்தால், எத்தனை படம், எவ்வளவு ரேட் என்று பேச ஆரம்பிக்காதீர்கள். “வீட்டுல எந்தச் சுவர்ல மாட்டப்போறீங்க?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் அதை யோசித்தே இருக்க மாட்டார். “ஹால்ல, சோபாவுக்கு மேல” என்று மெல்லச் சொல்வார். “அந்தச் சுவரை ஒரு படம் எடுத்து அனுப்புங்க. ஒரு வெள்ளை ஏ4 தாளைச் சுவர்ல ஒட்டிட்டு எடுங்க” என்று சொல்லுங்கள். தாளின் அளவு நமக்குத் தெரியும், ஆகவே சுவரின் அளவும் தெரிந்துவிடும். அந்தச் சுவரில் 12-க்கு 18 எப்படி இருக்கும், 20-க்கு 30 எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்துவிடலாம். ஆறடி சோபாவுக்கு மேல் 8-க்கு 12 படத்தை மாட்டினால் அது தபால்தலை மாதிரிதான் இருக்கும். கடையில் கையில் வைத்துப் பார்க்கும்போது பெரிதாகத் தெரிந்த படம் சுவருக்குப் போனதும் சிறுத்துப்போகிறது. இதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே கண்ணால் காட்ட வேண்டியது நம் பொறுப்பு.

சுவரைக் கேட்பதில் இன்னொரு பலன் உண்டு. அந்தச் சுவரின் நிறம் தெரிகிறது, எதிரே ஜன்னல் இருக்கிறதா, வெயில் நேராக விழுகிறதா என்று தெரிகிறது. அதை வைத்து உடையையும் பின்புலத்தையும் முடிவு செய்யலாம். செட்டிநாட்டு வீடுகளுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். படங்கள் சுவரின் உச்சியில், மேல்பக்கம் முன்னால் சாய்ந்தபடி வரிசையாகத் தொங்கும். தரையில் பாய் விரித்து உட்கார்கிறவர் அண்ணாந்தால் முகம் நேராகத் தெரியும். இன்று சோபாவில் உட்கார்கிறோம், நின்று பேசுகிறோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருந்தால் போதும். இன்னும் நாம் லின்டலுக்கு மேல் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறோம்.

கடையில் மாதிரி வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. விற்க விரும்பும் அளவை மாட்டி வையுங்கள். 5-க்கு 7 மாட்டியிருக்கிற கடையில் 5-க்கு 7 விற்கும், 16-க்கு 24 மாட்டியிருக்கிற கடையில் அது விற்கும். மாதிரிப் படத்தில் சினிமா நடிகை வேண்டாம், வெளிநாட்டுக் குழந்தை வேண்டாம். நம்மூர் முகம் இருக்கட்டும், அனுமதி வாங்கி மாட்டுங்கள். முன்பெல்லாம் நம் ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் ஒரு படம் கட்டாயம் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? தாழம்பூ வைத்துப் பின்னிய பூ ஜடை, சமைந்த பெண், பின்னால் ஆளுயரக் கண்ணாடி. முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழும். கேமராவும் லைட்டும் கண்ணாடியில் தெரியாமல் கோணம் பார்த்து அதை எடுத்தவர்கள் பெரிய கைகாரர்கள். தெருவில் போகிற ஒவ்வொரு தாயும் அதைப் பார்த்துத்தான் தன் மகளுக்கும் அப்படி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். நல்ல பிரின்ட் வாசலில் நின்று விற்பனையைச் செய்தது.

படம் எடுத்தாயிற்று என்று வையுங்கள். அடுத்தது காட்டுகிற நாள். இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், இதில்தான் நாம் அதிகம் நழுவுகிறோம். லிங்க் அனுப்பிவிட்டு “செலக்ட் பண்ணிச் சொல்லுங்க சார்” என்று விட்டுவிடுகிறோம். அவர் பேருந்தில் நின்றுகொண்டு, வெயிலில், மூன்று அங்குல அகலத் திரையில் தன் தாயின் முகத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே போகிறார். பிறகு ஒரு மாதம் பதில் இல்லை. நாம் வாடிக்கையாளரைக் குறை சொல்கிறோம்.

நேரில் கூப்பிடுங்கள். நாளும் நேரமும் குறித்துக் கூப்பிடுங்கள். யார் யார் வர வேண்டும் என்று சொல்லுங்கள். பணம் கொடுக்கிறவர் வர வேண்டும், படத்தில் இருக்கிறவர் வர வேண்டும், அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடுமோ அவரும் வர வேண்டும். மகன் மட்டும் வந்தால் “அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று எழுந்துவிடுவார், அவர்மேல் தப்பில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள், காபி கொடுங்கள், கடைப் பையனிடம் உங்கள் போனைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுங்கள்.

எடுத்த இருநூறு படத்தையும் காட்டாதீர்கள். இருபது, இருபத்தைந்து படத்தை நீங்களே தேர்ந்து, நிறம் பார்த்து, தயார்செய்து வையுங்கள். பொறுக்கித் தருவது நம் கலையின் ஒரு பாகம். கண் மூடிய படத்தையும் வாய் கோணிய படத்தையும் காட்டி, “இது வேண்டாம்தானே” என்று அவர்களிடம் கேட்பது அவர்கள் முகத்தை அவர்களே வெறுக்க வைக்கிற வேலை. முதலில் எல்லாவற்றையும் பேசாமல் ஒருமுறை ஓட விடுங்கள். நாம் வாயே திறக்கக் கூடாது. யார் எந்தப் படத்தில் மூச்சை இழுக்கிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாவது முறை, இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதுவா, அதுவா?” என்று கேளுங்கள். இருபதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் யாருக்கும் தலை சுற்றும். இரண்டில் ஒன்று என்றால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பளிச்சென்று சொல்லிவிடுவார்.

திரையில் காட்டுவதோடு நிறுத்தாமல், உங்கள் மனசுக்குப் பட்ட ஒரு படத்தை முன்னதாகவே பிரின்ட் போட்டு வைத்திருந்து கையில் கொடுங்கள். 8-க்கு 12 போதும். இதற்குச் செலவு கொஞ்சம்தான். இதனால் நடப்பதை நான் என் கடையில் பார்த்திருக்கிறேன். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த ஒரு அம்மா, கணவரும் மகனும் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பிரின்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார். புடவைத் தலைப்பால் ஓரத்தைத் துடைத்தார். “தம்பி, இதுல நான் எங்கம்மா மாதிரியே இருக்கேன். எங்கம்மாவுக்குப் படமே கிடையாது” என்றார். கணவர் அதுவரை “எதுக்குப்பா இவ்வளவு பெருசா” என்று கேட்டுக்கொண்டிருந்தவர், “பெருசாவே போட்டுடு” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். நான் அன்று ஒரு வார்த்தைகூட விற்கப் பேசவில்லை. பேசியிருந்தால் அந்த அம்மா அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. “கொஞ்சம் கலரா போடுங்க” என்று கேட்பார்கள். நெகட்டிவ் மேல் பென்சில் வைத்து டச்சிங் செய்த காலத்திலிருந்து இது இருக்கிறது. பருவை எடுக்கலாம், களைப்பைக் கொஞ்சம் தணிக்கலாம், அது தொழில். ஆனால் கறுப்புத் தோலை மைதா மாவாக்கி விற்பது அந்த மனிதருக்கு நாம் செய்கிற அவமரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதற்கு வாதம் வேண்டாம். இரண்டு பிரின்ட் போடுங்கள், ஒன்று வெளுத்தது, ஒன்று உள்ளபடி, நல்ல வெளிச்சத்தில் எடுத்த கறுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு அம்மாவைக் கேளுங்கள், “இதுல யார் உங்க பொண்ணு?” என் கடையில் பெரும்பாலும் உள்ளபடி இருப்பதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கறுப்பை அழகாகக் காட்ட வெளிச்சம் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விலைக்கு வருவோம். இங்கேதான் நம் குரல் கம்மிப்போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கம்மாது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கடை வாடகை, மின்சாரம், பையன் சம்பளம், கேமரா தவணை எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய். வீட்டுக்கு 40,000 வேண்டும். மொத்தம் ஒரு லட்சம். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் நாளுக்கு 4,000. உருவப்படம் ஒன்று, முதல் பேச்சிலிருந்து சுவரில் மாட்டுவது வரை, கூட்டிப் பார்த்தால் முழுசாக ஒரு நாளை எடுக்கும். பிரின்ட், மவுண்ட், ஃபிரேம் சேர்ந்து 1,500 என்றால் 5,500 ரூபாய்க்குக் கீழே எந்த விலை சொன்னாலும் நம் கைக்காசைப் போட்டு அவர்களுக்குப் படம் மாட்டுகிறோம் என்று அர்த்தம். ஃபைல் மட்டும் 1,500-க்குத் தருகிறேன் என்கிறவரும் அரை நாள் உழைக்கிறார். அரை நாளின் கூலி 2,000. அவருக்கும் 500 நஷ்டம், வீட்டுக்காரருக்கும் படம் இல்லை. உங்கள் ஊர், உங்கள் வாடகை வைத்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு இதே கணக்குதான்.

விலைப்பட்டியலை அச்சடித்து வையுங்கள். காரில் வந்தவருக்கு ஒன்று, சைக்கிளில் வந்தவருக்கு ஒன்று என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். சின்ன அளவும் பட்டியலில் இருக்கட்டும். 6-க்கு 8 மேசைப் படம் வாங்குகிறவருக்கும் அதே பேப்பர், அதே கவனம். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள், தேவைப்பட்டால் மீதியை இரண்டு தவணையாக விடுங்கள். ஒருவருக்கு வேண்டாத அளவைத் தலையில் கட்டாதீர்கள். இரண்டறை வாடகை வீட்டில் இருப்பவருக்கு 24-க்கு 36 விற்றுவிட்டு வந்தால், அடுத்த தடவை வீடு மாறும்போது அது பரணுக்குப் போகும், நம் பேரும் அதோடு போகும்.

விற்பதில் நாணயம் என்பது விலையோடு முடியாது, பொருளில் இருக்க வேண்டும். நம் ஊரின் ஈரத்தில் படம் எப்படிச் சாகிறது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியோடு பிரின்ட்டைச் சேர்த்து இறுக்கி ஃபிரேம் போட்டால், நாலு மழைக்காலம் போனதும் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் பேப்பரில் பாதி, கண்ணாடியில் பாதி. பழைய படத்தை ரிப்பேருக்குக் கொண்டு வந்து மேசைமேல் வைத்து அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். நடுவில் ஒரு மவுண்ட் அட்டை வைத்தால் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி கிடைக்கும். அட்டை அமிலமில்லாததாக இருந்தால் பேப்பர் பழுப்பேறாது. பின்னால் வெறும் ஹார்டுபோர்டை அடித்துவிடாமல் ஓரங்களைத் தாள் நாடாவால் மூடினால் கரையானும் வெள்ளிப்பூச்சியும் நுழைவது குறையும். மழைத்தண்ணீர் இறங்குகிற சுவரில் மாட்டக் கூடாது என்று சொல்லுங்கள், ஃபிரேமின் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டிக் கொடுங்கள், சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகட்டும். நேர் வெயில் படுகிற இடமும் ஆகாது. இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் காட்டிச் சொன்னால், விலையில் எது எதற்குப் போகிறது என்று அவருக்கே புரியும். பேரம் பாதியில் நின்றுவிடும்.

கேமரா பற்றிய கவலை வேண்டாம். இன்று நம்மில் பலர் கையிலிருக்கிற 24 மெகாபிக்சல் கேமரா 6,000-க்கு 4,000 புள்ளி தருகிறது. 300 டிபிஐ-யில் 12-க்கு 18 தாராளமாக வரும். 200 டிபிஐ போதும் என்றால் 20-க்கு 30 அப்படியே வந்துவிடும், சுவரில் இருக்கிற படத்தை யாரும் மூக்கை வைத்துப் பார்ப்பதில்லை. கவனம் வேண்டியது மானிட்டரில். நம் மானிட்டர்கள் கண் கூசுகிற வெளிச்சத்தில் இருக்கின்றன. அதை நம்பித் திருத்திய படம் லேபிலிருந்து இருட்டாக வருகிறது, நாம் லேப்காரரோடு சண்டைக்குப் போகிறோம். மானிட்டரை அளந்து சரிசெய்யுங்கள், லேபிலிருந்து ஒரு டெஸ்ட் பிரின்ட் வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். லேப் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதில் சந்தோஷம்தான்.

ஒவ்வொரு பிரின்ட்டின் பின்னாலும் எழுதுங்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம், எந்த ஸ்டூடியோ. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதுச்சேரியிலிருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. நம் தாத்தாக்கள் எடுத்த கல்யாண ஜோடிகளும் குடும்பங்களும் இன்று ஆய்வுக்குரிய ஆவணங்கள். பின்பக்கத்தில் பேர் எழுதாத படத்தில் முகம் மட்டும்தான் மிஞ்சும், மனிதர் யாரென்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் மாநிலத்தில் ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் டிஸ்ஃபார்மர் என்று ஒரு ஸ்டூடியோக்காரர் இருந்தார். விவசாயிகளையும் போருக்குப் போகிற பையன்களையும் சில்லறைக் காசுக்குப் படமெடுத்து விற்றார். 1959-இல் இறந்தார், ஊருக்கு வெளியே பேர் தெரியாது. பின்னால் அவருடைய கண்ணாடித் தகடுகள் காப்பாற்றப்பட்டன, உலகம் வியந்தது. அதற்கும் வெகுகாலம் கழித்துச் சேகரிப்பாளர்கள் அந்தப் பகுதி வீடுகளுக்குள் போய்த் தேடியபோது, அவர் கையால் போட்டு விற்ற அசல் பிரின்ட்டுகள் குடும்ப ஆல்பங்களில் பத்திரமாக இருந்தன. காசு கொடுத்து வாங்கின படம் என்பதால் வைத்திருந்தார்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள், இதில் வியாபாரமும் இருக்கிறது, அதைவிடப் பெரிதும் இருக்கிறது. நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் வீட்டின் மூத்தவர்களைத் தனியாக ஒரு பத்து நிமிஷம் ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்து ஒரு நல்ல படம் எடுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாக எடுங்கள். மண்டபத்தில் வேலை தலைக்கு மேல் இருக்கும், தெரியும். அந்தப் பத்து நிமிஷத்தை உதவியாளரிடம் விட்டுவிடாதீர்கள். ஆல்பம் கொடுக்க அவர்களைக் கடைக்கு வரச் சொல்லும் நாளில், அந்தப் படத்தை 12-க்கு 18 போட்டு, மவுண்ட் வைத்து, மேசைமேல் நிமிர்த்தி வையுங்கள். வாங்கச் சொல்ல வேண்டாம், விலையைக் கேட்டால் சொல்லுங்கள். வாங்காவிட்டால் கடைச் சுவரில் மாட்டுங்கள், அனுமதியோடு.

பக்கத்து அறையில் ஒரு மேசைமேல் வெவ்வேறு பேப்பரில் போட்ட பிரின்ட்டுகளை வைத்திருக்கிறேன். மேட், கிளாஸி, பருத்திப் பேப்பரில் பிக்மென்ட் மையில் போட்டது என்று ஒரே முகத்தைப் பல விதத்தில் பார்க்கலாம். எந்தப் பேப்பர், எந்த ஃபிரேம், அடக்கவிலை என்ன என்று ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதியிருக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள், விரல் படட்டும், பரவாயில்லை. கண்ணாடியில் ஒட்டிப்போன ஒரு பழைய படத்தையும் கொண்டு வந்திருக்கிறேன், அதையும் பாருங்கள். டீ இடைவேளை அரை மணி நேரம் என்றார்கள். கேள்வி உள்ளவர்கள் அந்த மேசைக்கு வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.